உழக்கு, பாக்கெட், மறுபடியும் உழக்கு: ரீஃபில் கடையின் பழைய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

இந்த எபிசோடை என்னோட ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன பொங்கலுக்கு அபிராமம் போயிருந்தேன். அப்பாவோட ஊர். ராமநாதபுரம் மாவட்டம், கமுதி தாலுகா. பரமக்குடியில ரயில் இறங்கி பஸ் பிடிச்சா, ரெண்டு பக்கமும் கருவேல மரம் பார்த்துக்கிட்டே போய்ச் சேர்ற ஒரு பேரூராட்சி. ராமநாதபுரம்னு சொன்னதும் எல்லாரும் கடலைப் பத்திக் கேப்பாங்க. எங்க பக்கம் கடல் கிடையாது. கண்மாய்தான்.

அந்தக் கண்மாய்க்கரையில காலையில நடந்து போனேன். மடைக்குப் பக்கத்துல தண்ணி தேங்கியிருந்த இடத்துல பளபளன்னு ஏதோ மின்னுச்சு. மீன் இல்ல. ஷாம்பு பாக்கெட். ஒரு ரூபா, ரெண்டு ரூபா பாக்கெட்டுகள், கிழிச்ச முனை தனியா, பாக்கெட் தனியா, நூத்துக்கணக்குல.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். குப்பையைப் பார்த்தா எனக்கு உடனே 'சொல்யூஷன்' தோணும். வீட்டுக்கு வந்து அப்பத்தாகிட்ட என் ஐடியாவைச் சொன்னேன். தெருவுக்கு ஒரு ரீஃபில் கடை. தெரு ஜனங்களே நடத்துவாங்க. எண்ணெய், ஷாம்பு, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி எல்லாம் பெரிய கேன்ல இருக்கும். நீ பாத்திரத்தைக் கொண்டு போய் வேணுங்கிற அளவுக்கு ஊத்திக்கலாம்.

அப்பத்தா சிரிச்சாங்க. "அதென்னடா புதுசா? நாங்க அப்படித்தான வாங்குனோம். வேணாம்னுதான பாக்கெட்டுக்கு வந்தோம்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் இந்த எபிசோடு. ரீஃபில் நமக்குப் புதுசில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். மஞ்சப்பை, தூக்குவாளின்னு நாம ஏக்கத்தோட பேசுவோம். ஆனா அந்த ஏற்பாட்டை ஏழை ஜனங்களே ஏன் விட்டுட்டு வந்தாங்க? இதுக்குப் பதில் தெரியாம இன்னொரு ரீஃபில் கடை திறந்தா, அதுவும் அதே மாதிரி மூடப்படும்.

ஒரு பைட் அளவுக்கு எண்ணெய்

முதல்ல அந்தப் பழைய ஏற்பாடு எப்படி ஓடுச்சுன்னு பார்க்கலாம். தமிழ் முகத்தலளவை வாய்ப்பாட்டை ஒரு புரோகிராமர் கண்ணோட பாருங்க. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. ஆழாக்குல கணக்குப் போட்டா: 1, 2, 4, 8, 64, 128, 256. ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. இதைப் பார்த்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. (அப்புறம் 3 தூணி ஒரு கலம்னு வந்து அழகைக் கெடுத்துடுது. பரவாயில்லை.)

இது வேடிக்கைக்காகச் சொல்லலை. இரட்டிச்சு இரட்டிச்சுப் போற இந்த அளவுகள்ல கடைக்காரருக்கு ஒரு வசதி இருக்கு. மூணு, நாலு பாத்திரம் இருந்தா போதும், எந்தச் சின்ன அளவையும் அளந்துடலாம். அன்னைக்குக் கூலி அன்னைக்குக் கையில வாங்குறவங்களுக்கு அதுதான் தேவை. மாசச் சாமான்னு மொத்தமா வாங்க முடியாது. சாயங்காலம் கூலி கிடைச்சதும் ஒரு ஆழாக்கு எண்ணெய், கொஞ்சம் பருப்பு, ஒரு கை மிளகாய். ஆக, 'சின்ன அளவுல விற்கிறது' சாஷே கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சதில்லை. அது நம்ம மளிகைக் கடையில எப்பவோ இருந்தது.

அதுக்குப் பேக்கேஜிங்? கழுத்துல கயிறு கட்டின கண்ணாடி பாட்டில் எண்ணெய்க்கு. பனையோலைக் கொட்டான் கருப்பட்டிக்கு. பழைய பேப்பர்ல மடிச்ச பொட்டலம் மத்த எல்லாத்துக்கும். உப்பு மூட்டை கடைக்கு வெளியவே கிடக்கும். 1956-ல மெட்ரிக் சட்டம் வந்து, அறுபதுகளின் தொடக்கத்துல லிட்டரும் கிலோவும் கடைக்குள்ள நுழைஞ்ச பிறகும் முறை மாறலை. உழக்கு போய் 100 மில்லி, 200 மில்லி அளவைக் குவளை வந்தது, அவ்வளவுதான்.

அப்பத்தாவின் மூணு புகார்

சரி, பிறகு என்ன ஆச்சு? அப்பத்தாகிட்ட உட்கார்ந்து கேட்டேன். மூணு விஷயம் சொன்னாங்க.

ஒண்ணு, அளவு. "உழக்குக்குள்ள கட்டைவிரலை விட்டுக்கிட்டே ஊத்துவான். அந்த விரல் அளவு எண்ணெய் அவனுக்கு." நுரை அடங்கறதுக்குள்ள ஊத்துறது, அடி நசுங்கின படியை வெச்சு அளக்குறது, இப்படி நிறைய.

ரெண்டு, கலப்படம். கடலை எண்ணெய்ல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?

மூணாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குச்சு. எல்லா ஜனத்துக்கும் ஒரே மாதிரி ஊத்த மாட்டாங்களாம். சில தெருக்காரங்க வந்தா பாத்திரத்தைத் திண்ணைக்குக் கீழ வைக்கச் சொல்லி, எட்ட நின்னு ஊத்துவாங்க. பாதி மண்ணுல சிந்தும். சிந்தினதுக்கும் காசு.

"கேள்வி கேக்க மாட்டீங்களா அப்பத்தா?"

"பத்து நோட்டுல நம்ம பேரு இருக்கும்போது எப்படிடா கேக்குறது?"

பத்துன்னா பற்று. கடன் கணக்கு. கடைக்காரர்கிட்ட கடன் இருக்கிறவங்க அவரோட உழக்கைப் பத்திக் கேள்வி கேட்க முடியாது. எனக்கு இதுதான் மொத்தக் கதையோட சாவின்னு தோணுது. அளந்து ஊத்துற வியாபாரம் முழுக்க நம்பிக்கையில ஓடுது. ஆனா அங்க நம்ப வேண்டிய கட்டாயம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது.

பாக்கெட் ஏன் ஜெயிச்சது

இப்ப பாக்கெட்டைப் பாருங்க. உள்ள எவ்வளவு இருக்குன்னு மேலேயே அச்சடிச்சிருக்கு. 1977-ல வந்த பொட்டலப் பொருட்கள் விதிகள் அதைக் கட்டாயமாக்குச்சு. 1990-ல எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எம்.ஆர்.பி., பாக்கெட் மேல ஏறுச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட காட்டி விலையைத் தெரிஞ்சுக்கலாம். கட்டைவிரல் உள்ள போகாது. எந்தத் தெருக்காரர் வந்தாலும் கைக்கு வர்றது அதே பாக்கெட்.

இதோட அரசாங்கமும் பாக்கெட் பக்கம் தள்ளுச்சு. காரணத்தோடதான். 1998 ஆகஸ்ட்ல டில்லியில கடுகு எண்ணெய்ல பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து வித்து, ஊரெல்லாம் கால் வீங்கி மருத்துவமனையில சேர்ந்தாங்க. 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதே வருஷம் சமையல் எண்ணெயை அடைச்சுதான் விற்கணும்னு மத்திய அரசு ஆணை போட்டது. 2011-ல வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளும் சில்லறையில எண்ணெயைத் திறந்து விற்கிறதைத் தடுக்குது.

உப்புக்கும் அதே கதை. அயோடின் சேர்த்த உப்பைத் திறந்து வெச்சா ஈரத்துல அயோடின் போயிடும். கழுத்துக் கழலை வராம தடுக்கத்தான் அயோடின். 2006-லிருந்து அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது. எங்க மாவட்டத்து வாலிநோக்கத்துல இருக்கிற அரசு உப்பு நிறுவனத்தோட உப்பும் ரேஷன் கடைக்குப் பாக்கெட்லதான் வருது.

அதனால பிளாஸ்டிக் பாக்கெட்டை வெறும் கார்ப்பரேட் சதின்னு சொல்றது பாதிக் கதை. மீதிப் பாதி, நம்ம கடைத்தெருவோட நேர்மையின்மை.

கடலூரிலிருந்து கிளம்பின சாஷே

ஷாம்பு பாக்கெட்டுக்குத் தமிழ்நாட்டுல ஒரு பிறந்த ஊர் உண்டு. கடலூர். அங்க சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர், எழுபதுகள்ல, பணக்காரங்க பயன்படுத்துற பொருள் கூலி வேலை செய்றவங்க கைக்கும் எட்டணும்னு சின்னச் சின்னப் பொட்டலங்கள்ல அடைச்சுப் பார்த்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாயோட தனியா கிளம்பி சிக் ஷாம்பு தொடங்கினார். பின்னாடி கெவின்கேர் ஆன கம்பெனி அது.

அவங்க செஞ்ச விளம்பரத் திட்டம் ஒண்ணு இருக்கு. அஞ்சு காலி ஷாம்பு பாக்கெட் கொண்டு வந்து கொடுத்தா ஒரு புது பாக்கெட் இலவசம். முதல்ல எந்த பிராண்டு பாக்கெட்டா இருந்தாலும் சரி, அப்புறம் சிக் மட்டும். விற்பனை எகிறுச்சு. நோக்கம் சுற்றுச்சூழல் இல்லை, சந்தையைப் பிடிக்கிறதுதான். ஆனா கவனிங்க: காலி பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்த அந்தக் கொஞ்ச காலத்துல, ஜனங்க அதைத் தூக்கிப் போடலை, சேர்த்து வெச்சுத் திருப்பிக் கொடுத்தாங்க.

இன்னைக்கு அதுக்கு ஒரு பைசா மதிப்பு கிடையாது. சாஷே ஒரே பிளாஸ்டிக் இல்லை. பாலியெஸ்டர், அலுமினியப் பூச்சு, பாலித்தீன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டின பல அடுக்கு. பிரிக்கிறது கஷ்டம். ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேர் இருக்கிற வீட்டுல ஆளுக்கு வாரம் ரெண்டு பாக்கெட்னு வெச்சா, வருஷத்துக்கு 416. அப்படி ஆயிரம் வீடு இருந்தா 4 லட்சத்துக்கும் மேல. காலி பாக்கெட் ஒண்ணு ஒரு கிராம் கூட இருக்காது. ஆக அந்த 4 லட்சத்தையும் குனிஞ்சு பொறுக்கினா கூட அரை டன் தேறாது. பழைய இரும்புக் கடைக்காரர் பால் கவரை எடுப்பார், பாட்டிலை எடுப்பார். இதைத் தொட மாட்டார். அதான் அது கண்மாய்ல கிடக்குது.

சட்டமும் இங்க பின்வாங்குச்சு. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை ரெண்டு வருஷத்துல நிறுத்தச் சொன்னது. 2018-ல அதைத் திருத்தி, எரிச்சு ஆற்றல் எடுக்க முடிஞ்சா, வேற பயன் ஏதாவது இருந்தா ஓகேன்னு தளர்த்திட்டாங்க. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து கேரி பேக், பிளாஸ்டிக் கப்புக்குத் தடை. 2021 டிசம்பர்ல 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. ரெண்டும் நல்ல விஷயம். ஆனா மஞ்சப்பைக்குள்ள போய் உட்கார்றது என்ன? அதே பாக்கெட்டுகள்.

28 தொழிலாளர்களும் திருவல்லிக்கேணியும்

இப்ப அப்பத்தாவோட புகார் பட்டியலை எடுத்துக்கிட்டு இங்கிலாந்துக்குப் போகலாம். காரணம் இருக்கு. அதே புகாரை வெச்சுக்கிட்டு அங்க சிலர் பாக்கெட்டுக்குப் போகாம, கடையையே தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க.

1844. மான்செஸ்டருக்குப் பக்கத்துல ராச்டேல். நெசவுத் தொழிலாளர்கள் ஊர். மாவுல சுண்ணாம்பு, டீத்தூள்ல பயன்படுத்திப் போட்ட இலை, எடையில மோசடி. அதோட முதலாளி நடத்துற கடையிலயே கடனுக்கு வாங்க வேண்டிய கட்டாயம். 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்து, டிசம்பர் 21 அன்னைக்கு டோட் லேன்ங்கிற தெருவுல ஒரு கடை திறந்தாங்க. மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் சரக்கு.

அவங்க விதிகளைப் பாருங்க. சுத்தமான சரக்கு. முழு எடை. கடன் கிடையாது. ஆணோ பெண்ணோ, எவ்வளவு பங்கு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. லாபம், யார் எவ்வளவு வாங்கினாங்களோ அந்த விகிதத்துல அவங்களுக்கே திரும்பும். எடை போடுறவர் ஏமாத்தினா, அவர் ஏமாத்துறது தன் கடைக்காரங்களையே. ஏமாத்துறதுல யாருக்கும் லாபம் இல்லாத மாதிரி சிஸ்டத்தை டிசைன் பண்ணிட்டாங்க.

அறுபது வருஷம் கழிச்சு, 1904 ஏப்ரல்ல, அந்த யோசனை சென்னையில இறங்குச்சு. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி உட்பட திருவல்லிக்கேணிக்காரங்க சிலர் சேர்ந்து தொடங்கின திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச டி.யு.சி.எஸ். இந்தியாவோட முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள்ல ஒண்ணு. அதே வருஷம் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனசுல வெச்சு எழுதினது. மத்த வகைச் சங்கங்களுக்கு ஒழுங்கா இடம் கொடுத்தது 1912 சட்டம்தான். அதாவது சட்டத்துக்கு முன்னாடியே கடை வந்துடுச்சு. தேனாம்பேட்டை காமதேனு பக்கம் போகும்போது நினைச்சுக்கோங்க, அதை நடத்துற சங்கத்துக்கு 120 வயசு தாண்டியாச்சு.

ஒரு உண்மையையும் சொல்லணும். திருவல்லிக்கேணியில அதைத் தொடங்கினது படிச்ச, சம்பளம் வாங்குற நடுத்தர வர்க்கம். அப்பத்தா மாதிரி ஆட்கள் அந்தக் கூட்டத்துல கிடையாது.

நம்ம தெருவுலயே ஒரு ரீஃபில் கடை

அவங்களுக்கு வந்தது ரேஷன் கடை. யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல 2 கோடிக்கும் மேல குடும்ப அட்டை, 30,000-க்கும் மேல கடைகள், பெரும்பாலானதை நடத்துறது கூட்டுறவுச் சங்கங்கள். அரிசி மூட்டையில வருது, நம்ம பையில அளந்து போடுறாங்க. சர்க்கரை நம்ம பையில. மண்ணெண்ணெய் நம்ம கேன்ல. ரீஃபில்ங்கிற வார்த்தையே இல்லாம, நாட்டுலயே பெரிய ரீஃபில் வலைப்பின்னல்கள்ல ஒண்ணு நம்ம தெருமுனையில இருக்கு. பாமாயில் மட்டும் பாக்கெட்ல. காரணத்தை மேலயே பார்த்தோம்.

திரவத்தையும் சுத்தமா, அளவு மாறாம ஊத்த முடியும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. 1974-ல டில்லியில தொடங்கின மதர் டெய்ரி. பூத்ல டோக்கன் போட்டா, பால் நேரா நம்ம பாத்திரத்துல விழும். ஊத்துறது கை இல்லை, மெஷின். கட்டைவிரல் பிரச்சினை தீர்ந்தது.

ஆனா ரேஷன் கடையிலயும் 'எடை குறையுது'ங்கிற புகார் எல்லா ஊர்லயும் உண்டு. சங்கம் நம்மளோடதுன்னு பேப்பர்ல இருக்கும். நடைமுறையில அது அரசாங்கக் கடைன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். 'நம்ம கடை'ங்கிற உணர்வு போனதும் பழைய விரல் திரும்ப உள்ள வந்துடுது.

சிலி, மணிலா, பக்கத்துல இலங்கை

இப்ப உலகத்துல இதை யார் முயற்சி பண்றாங்க? சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவுல அல்கிராமோன்னு ஒரு கம்பெனி. 'கிராம் கணக்குல'ன்னு அர்த்தம். ஏழைங்க சின்ன அளவுல வாங்குறதாலயே அதிக விலை கொடுக்குறாங்க, அது ஏழ்மைக்குப் போடுற வரின்னு சொல்லி, தெருக்கடைகள்ல அளந்து ஊத்துற மெஷின் வெச்சாங்க. பிலிப்பைன்ஸ்ல சாரி-சாரின்னு சொல்ற பெட்டிக்கடைகள்ல, 2023-லிருந்து 'குஹா சா திங்கி'ங்கிற திட்டம். கிரீன்பீஸும் உள்ளூர் நிர்வாகங்களும் சேர்ந்து, சோப்புத் திரவங்களைப் பெட்டிக்கடைக்காரங்களே ரீஃபில் பண்ணி விற்க வெச்சாங்க. புதுக் கடை கட்டலை. ஏற்கெனவே ஜனங்க போற கடையிலயே டப்பாவை வெச்சாங்க.

தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில இலங்கை வேற வழி எடுத்தது. 2021 மார்ச் 31-லிருந்து 20 மில்லி, 20 கிராம் வரையான சாஷேக்களுக்குத் தடை. உணவு, மருந்துக்கு மட்டும் விலக்கு.

இதையெல்லாம் அப்படியே அபிராமத்துல இறக்கலாமா? ஒரு சிக்கல். நம்ம நாட்டுல பல ஷாம்புகள்ல மில்லிக்குக் கணக்குப் போட்டா பெரிய பாட்டிலை விட சாஷேதான் மலிவு. ஏழ்மை வரி இங்க தலைகீழ். அதனால 'ரீஃபில் வாங்கினா மிச்சம்'னு ஷாம்புல தொடங்கினா முதல் மாசமே தோத்துடுவோம்.

அப்ப என்னதான் பண்றது?

ஆப் ஐடியாவை அழிச்சுட்டேன். அதுக்குப் பதிலா ஒரு நோட்டுல இதை எழுதினேன்.

எண்ணெய்ல தொடங்காதே, சட்டம் இடம் கொடுக்காது. ஷாம்புல தொடங்காதே, விலை கட்டாது, தயாரிக்க உரிமமும் வேணும். பினாயில், பாத்திரம் கழுவுற திரவம், துணி சோப்புத் தூள்ல தொடங்கு. தமிழ்நாடு முழுக்க மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதையெல்லாம் ஏற்கெனவே தயாரிக்கிறாங்க, பாட்டில் செலவு அவங்களுக்கும் பாரம். புதுக் கடை வேணாம், இருக்கிற பெட்டிக்கடை போதும். அஞ்சு ரூபாய்க்கும் ஊத்தணும். அளவைக் குவளையில எடையளவு ஆய்வாளர் முத்திரை இருக்கணும். குவளை வாங்குறவங்க கண்ணுக்கு முன்னாடி, கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கணும். கணக்கு நோட்டை யார் வேணும்னாலும் புரட்டலாம். முக்கியமா, எல்லாத் தெருப் பெண்களும் குழுவுல இருக்கணும். ஒரு தெரு மட்டும் நடத்துற கடை, இன்னொரு தெருவுக்கு எட்ட நின்னு ஊத்துற கடையா மாற ரொம்ப நாள் ஆகாது.

பட்டியலை அப்பத்தாகிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. எழுந்து போய் அடுப்படிப் பரண்ல இருந்து ஒரு பித்தளை உழக்கை எடுத்துட்டு வந்து என் கையில வெச்சாங்க. கடையில வாங்கிட்டு வந்ததும் வீட்டுல ஒரு தடவை அளந்து பார்க்கிறதுக்காக அவங்க தனியா வாங்கி வெச்சிருந்தது. கடைக்காரரைக் கேள்வி கேட்க முடியாது, ஆனா எவ்வளவு போச்சுன்னாவது தெரியணும்ல.

"கடை வெச்சீங்கன்னா, இதைக் கொண்டு போய் மேசை மேல வை. சந்தேகம் வர்றவ அளந்து பாத்துக்கட்டும்."

என் பட்டியல்ல அது இல்லை. கடைசி வரியா சேர்த்துக்கிட்டேன். கமுதிப் பக்கம் ஒரு குழுவோட இப்பப் பேசிக்கிட்டிருக்கேன். கடை வந்தா சொல்றேன், வரலைன்னாலும் ஏன் வரலைன்னு சொல்றேன்.

உங்க வீட்டுல இந்த மாதிரி ஒரு உழக்கோ படியோ இருந்தா, அது ஏன் அங்க இருக்குன்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. அவங்க சொன்னதை எனக்கு அனுப்புங்க.